மொக்கச்சாமிக்கு மீசை வைத்த கதை

பெரியகுளம்,
25.9.2025

ஆத்தா ஹேமாவதிக்கு அப்பா எழுதுவது. என் சர்க்கரையையும் உன் அம்மாவின் வலது முழங்காலையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனும் அந்த நியூசிலாந்துக் குளிரில் நெஞ்சுச்சளி அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும். இரண்டு நாளாகக் கும்பக்கரைப் பக்கம் மழை, வராகநதியில் தண்ணீர் ஓடுகிறது, ஊர்க் குப்பையும் கூடவே ஓடுகிறது. போன மாதம் நீ போனில் என்னிடம், பாண்டீஸ்வரன் சித்தப்பா ஒரு விழாப் பத்திரிகை அனுப்பியிருக்காகளே, நம்ம பரம்பரையில அந்தக் காலத்துப் பெரிய நடிகர் இருந்தாராமே, ஏன்ப்பா சொல்லவே இல்ல என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அதுதான் காரணம். இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஊருக்கும் தெரிந்துவிட்டது, உனக்குத்தான் தெரியாது. போனில் சொன்னால் பாதியில் எனக்கு வாய் அடைத்துப்போகும் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் பாண்டீஸ்வரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆண்டிபட்டியில் கல்யாண மண்டபம் கட்டி அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டவன். வாசலில் ஆள் உயரத்துக்குத் தன் படத்தை நிறுத்தியிருக்கிறான், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் இவன் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வருகிற தேர்தலில் பேரூராட்சித் தலைவராக நிற்க ஆசை. அதற்கு ஒரு பெயர் வேண்டும். தன் பெயருக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது அவனுக்கே தெரியும், அதனால் செத்துப்போன ஒருவருடைய பெயரை எடுத்துக்கொண்டான்.

அவர்தான் மொக்கச்சாமி. எனக்குப் பூட்டன், அதாவது என் தாத்தாவைப் பெற்றவர். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் மதுரைப் பக்கமிருந்து ஒரு நாடகக் கம்பெனி ஆண்டிபட்டிக்கு வந்து கொட்டகை போட்டது, அது கிளம்பியபோது இவரும் பதினாறு வயதில் கூடவே கிளம்பிப் போய்விட்டார். அந்தக் காலத்தில் பெண்கள் மேடை ஏறுவதில்லை, பெண் வேடத்தை ஆண்தான் கட்டுவார், அப்படிக் கட்டுகிறவருக்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். நம்முடையவர் ஸ்திரீபார்ட். சேலை கட்டி, சவுரி வைத்து, நாடு இழந்து காட்டில் அலைகிற ராணியாக வந்து அழுதால் போடியில் கடைக்காரர்களெல்லாம் மறுநாள் வியாபாரத்தில் மனம் ஓடாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அவருடைய அண்ணன் சுருளியாண்டி, தோட்டம் துரவு என்று ஊரோடு இருந்தவர். பாண்டீஸ்வரன் அந்தச் சுருளியாண்டியின் கொள்ளுப்பேரன். நான் மொக்கச்சாமியின் கொள்ளுப்பேரன். இதை இரண்டு தடவை படித்துக்கொள், ஏனென்றால் நாற்பது வருடமாக நான் இதை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவைப் பெண் கேட்டுச் சின்னமனூர் போனபோது அவளுடைய அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, ஒங்க வம்சத்துல எவரோ சேலை கட்டி ஆடுனதாப் பேச்சு வருதே என்று கேட்டார். அது வேற வீடு, எங்க பூட்டன் சுருளியாண்டி, தோட்டத்துல பாடுபட்ட சம்சாரி என்று நான் கூசாமல் சொன்னேன். கூட வந்திருந்த பாண்டீஸ்வரனின் அப்பா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். உன் கல்யாணத்தின்போது சுரேஷ்கண்ணன் வீட்டாரிடமும் அதே வாய் அதே பொய்யைச் சொன்னது, அதுவும் யாரும் கேட்காமலே. அன்றைக்கு நான் அவன் பூட்டனைத் திருடினேன், இன்றைக்கு அவன் என் பூட்டனைத் திருடினான், திருட்டில் நான்தான் மூத்தவன்.

இது எப்படிக் கிளம்பியது என்று கேள். இந்தப் பங்குனி வெயிலில் ஒரு பெண் நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். பெயர் ஜெபஷீலா, போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் பலவேசம் என்பவருடைய மகள், மதுரையில் பழைய நாடகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். அவர்கள் வீட்டு முன்னோர் ஒருவர் தங்கள் குடோனில் அந்தக் கம்பெனிக்கு நாடகம் போட இடம் கொடுத்தவர். அந்த வகையில் அவர்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு போட்டோ கிடந்திருக்கிறது. கெட்டி அட்டையில் ஒட்டிய போட்டோ, ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக ஒரு பெண் நிற்கிறாள். பின்பக்கம் மையில், ஆண்டிபட்டி மொக்கச்சாமி, ஸ்திரீபார்ட், 1892 என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ஐயா, இவுக வாரிசு யாரும் இருக்காகளான்னு தேடிக்கிட்டிருக்கேன், ஒங்க பேரச் சொன்னாக என்று என் கையில் கொடுத்தாள். என் பூட்டனை நான் முதல்முதலாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன், அதற்குள் உன் அம்மா காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். நான் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்க பூட்டன் சுருளியாண்டி, இவுகள எனக்குத் தெரியாது, ஆண்டிபட்டியில பாண்டீஸ்வரன்னு ஒருத்தர் இருக்காரு, அவர வேணாக் கேட்டுப் பாருங்க என்றேன். நானேதான் அவனிடம் அனுப்பினேன், ஹேமா. அப்போது அறைக்குள்ளே என் பீரோவில், என் சர்வீஸ் புத்தகத்துக்குக் கீழே ஒரு பத்திரத்தின் நகல் இருந்தது. பெரியகுளம் பதிவு அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், யாருக்கோ பழைய வில்லங்கம் தேடும்போது அந்தப் பத்திரம் என் கண்ணில் பட்டது. முறைப்படி மனுப் போட்டு நகல் வாங்கினேன். முப்பது வருடமாக யாருக்கும் காட்டவில்லை. எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை, மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்தப் பெண் போய்க் கேட்ட அன்றைக்கே பாண்டீஸ்வரனுக்குக் கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். இவர்தாம்மா எங்க பூட்டன் என்று கண் கலங்கினானாம், பாவம், அந்தப் பிள்ளை நம்பிவிட்டது. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு நடந்ததுதான் கூத்து. தேனியில் டிஜிட்டல் போர்டு அடிக்கிற கடையில் கொடுத்து நெற்றிச்சுட்டியை அழித்துக் கிரீடம் வைத்தார்கள், ஒட்டியாணத்தை அழித்து உடைவாள் வைத்தார்கள், மேலுதட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எலி உட்கார்ந்தது மாதிரி மீசை வைத்தார்கள். கீழே, ராஜபார்ட் வேந்தர் மொக்கச்சாமி. அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், கலைவாரிசு பாண்டீஸ்வரன். படத்தில் பூட்டன் மாங்காய் அளவு இருந்தார், இவன் பலாப்பழம் அளவு இருந்தான். சேலை கட்டினார் என்று ஒரு மனிதனை வீட்டை விட்டு விரட்டியவர்களின் வம்சம், நூற்றுமுப்பது வருடம் கழித்து அவரைத் திரும்பக் கூப்பிடும்போதுகூடச் சேலையை உருவிவிட்டுத்தான் கூப்பிட்டது.

ஆவணியில் முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபம் சும்மா கிடக்கும் நாளாகப் பார்த்து விழா வைத்தான். எனக்குப் போக மனமில்லை, உன் அம்மாதான், பங்காளி வீட்டு விசேசம், போகாம இருந்தா நல்லாவா இருக்கும் என்று இழுத்துக்கொண்டு போனாள். போனால் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு பட்டம். பேசியவர்களில் ஒருவருக்காவது மொக்கச்சாமி எந்தக் காலத்து மனிதர் என்று தெரிந்திருந்தால் நான் என் காதை அறுத்துக்கொள்கிறேன். ஒருவர் அவர் ரேடியோவில் பாடியதாகச் சொன்னார். ரேடியோ வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே மண்ணுக்குள் போனவர் அவர். பாண்டீஸ்வரன் மைக்கைப் பிடித்து, எங்க பூட்டன் மேடையில நின்னு வாளால ஒரு வெள்ளைக்கார அதிகாரி தொப்பியத் தட்டிவிட்டாரு, அந்த ரத்தம்தான் என் ஒடம்புல ஓடுது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். தாலுகா ஆபீஸ் பியூனைக் கண்டாலே துண்டை இடுப்பில் கட்டுகிற ரத்தம் அது, நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கை தட்டினார்கள். உன் அம்மாவும் தட்டினாள். நானும் தட்டினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசியில் ஜெபஷீலாவைப் பேசச் சொன்னார்கள். மேடையில் ஓரத்து நாற்காலியில் அந்தத் துணிச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை எழுந்து வந்து, மெதுவாக, ஆனால் தடுமாறாமல், இவுக ராஜபார்ட் இல்லீங்க, ஸ்திரீபார்ட், படத்துல மீசை கிடையாது, பின்னாலயே எழுதியிருக்கு பாருங்க என்று போட்டோவைப் பிரித்துக் காட்டினாள். சபை கசமுசா என்றது. பாண்டீஸ்வரன் முகம் கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. ஏம்மா, எங்க வம்சத்துல எவனும் சேலை கட்டல, போடியில ஏலக்கா பொடைக்கிறவுகளுக்கு எங்க குடும்பத்தப் பத்தி என்ன தெரியும் என்று அவன் மைக்கிலேயே கேட்டான். முன்வரிசையில் சிரித்தார்கள். வெளியூருக்காரி கையில மைக்க யாரு குடுத்தது என்று ஒரு குரல். அவன் மருமகன் கார்த்திக்ராஜ் மேடையேறி, இது எங்க குடும்பச் சொத்து, எங்ககிட்டதான் இருக்கணும் என்று சொல்லி அந்தப் போட்டோவை அவள் கையிலிருந்து பிடுங்கினான். அவள் அழவில்லை. கையை நீட்டினது நீட்டினபடி நின்றாள். முன்னூறு பேர் உட்கார்ந்திருந்தோம். அந்தப் போட்டோ பாண்டீஸ்வரன் வீட்டுக்குள் போனால் பிறகு வெளியே வராது, பின்னால் எழுதியிருப்பதை ஒரு நாளில் சுரண்டிவிடுவார்கள், உலகத்தில் மொக்கச்சாமி சேலையோடு நிற்கிற ஒரே படம் அது.

எப்படி எழுந்தேன் என்று கேட்காதே. எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. மைக்கெல்லாம் இல்லாமல் கீழேயிருந்தே, ஒண்ணாம் புத்தகம், வால்யூம் நாப்பத்தேழு, பக்கம் நூத்திப் பன்னெண்டு, பெரியகுளம் பதிவு ஆபீஸ், ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தி நாலாம் வருசம், சந்தேகம் இருக்கவுக நாளைக்கே மனுப் போட்டு வாங்கிப் பாருங்க என்று சொல்லிவிட்டு, ஒப்பித்தேன். ஆண்டிபட்டி மொக்கச்சாமியாகிய நான் என் தமையன் சுருளியாண்டிக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால், நான் நாடகங்களில் ஸ்திரீவேஷம் தரித்து ஊரூராய்ச் சஞ்சரிப்பதினால் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானத்தை முன்னிட்டு, பூர்வீக நிலத்தில் எனக்கும் என் மைனர் குமாரன் கருத்தக்கண்ணனுக்கும் இனிமேல் யாதொரு பாத்தியமுமில்லை. அந்தப் பெயரை இரண்டு தடவை சொன்னேன். அது என் தாத்தாவின் பெயர், அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள், அது சபையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பிறகு நான்கு எல்லையையும் சொன்னேன், வடக்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை, நாம உக்காந்திருக்க இந்த மண்டபம் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கு என்றேன். கையெழுத்து, மொக்கச்சாமி. எழுதி வாங்கிய கௌரவமான அண்ணனுக்கு எழுதத் தெரியாது, சுருளியாண்டி கீறல் என்று இருக்கிறது. நான் மேடையேறிக் கார்த்திக்ராஜ் முன்னால் கையை நீட்டினேன், அவன் மாமனாரைப் பார்த்தான், மாமனார் மின்விசிறியைப் பார்த்தான், போட்டோ என் கைக்கு வந்தது. அதை ஜெபஷீலா கையில் வைத்தேன். பாண்டீஸ்வரன் என் தோளைத் தொட்டு, அண்ணே, சபையில வச்சு இதெல்லாம் எதுக்கு, சாப்பிட்டுட்டுப் பேசுவோம் என்றான். அவ்வளவுதான், சாப்பாடு என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் முன்னூறு பேரும் பந்திக்கு எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் வீரம் அவ்வளவு, வெட்கமும் அவ்வளவு. வாசலில் ஜெபஷீலா என்னிடம், அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறினோம். உன் அம்மா தேனி வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தேனி பஸ் ஸ்டாண்டில் பெரியகுளம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பொம்பள வேசம் கட்டுனவுக வம்சம்னு சொல்லியிருந்தா எங்கப்பா வேண்டாம்னிருப்பாரு, நான் சொல்லியிருக்க மாட்டேன், கூசாமப் பொய்யி சொல்றவுக வம்சம்னு தெரிஞ்சிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன் என்றாள். அடுத்த நான்கு நாள் தட்டை வைப்பாள், போவாள். ஐந்தாம் நாள் காலையில் அந்த நகலைக் கேட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, இதுல பொஞ்சாதி பேரே இல்லையே, அவுக என்ன ஆனாக என்றாள். முப்பது வருடம் அதைப் படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி. என் அப்பா ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்டதை அவளிடம் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். அவர்கள் பெயர் பவுனு. மொக்கச்சாமி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பிய மறுநாளே சுருளியாண்டி அவர்களைக் கூப்பிட்டு, ஒனக்கும் பயலுக்கும் நான் கஞ்சி ஊத்துறேன், ஆனா அவன் செத்துட்டான், தாலியக் கழட்டி இங்கன வச்சுட்டு வெள்ளைச்சேலை கட்டிக்க என்றாராம். உயிரோடு இருக்கிறவருக்கு. பவுனு நின்ற இடத்திலேயே, ஒங்க தம்பி கட்டுறது பூராம் சாயச்சேலை, நான் மட்டும் எதுக்கு வெள்ளை கட்டணும் என்று சொல்லிவிட்டு, நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போடிக்கு நடந்துவிட்டார்கள். கம்பெனி அங்கேதான் இருந்தது. ஐந்து வருடம் அவர் வேஷம் கட்டினார், பவுனு கம்பெனிக்கு உலை வைத்தார்கள். கம்பம் ஊரில் வாந்திபேதி வந்து அவர் முப்பத்தோரு வயதில் செத்துப்போனார். பவுனு ஆண்டிபட்டி மண்ணை மிதிக்கவில்லை, பெரியகுளம் வந்து மாந்தோப்புகளில் கூடை சுமந்து என் தாத்தாவை வளர்த்தார்கள். நாம் ஏன் பெரியகுளத்துக்காரர்கள் என்று சின்னதில் நீ கேட்பாயே, காரணம் இதுதான்.

இந்தப் புரட்டாசி அமாவாசைக்கு முன்னோருக்குத் துணி வைத்துக் கும்பிட வேண்டும் என்று உன் அம்மா தேனிக்குத் தனியாகப் போய்வந்தாள், என்னைக் கூப்பிடவில்லை. பையைப் பிரித்தால் இரண்டு சேலை, ஒன்று பச்சை, ஒன்று அரக்குச் சிவப்பு. ஒண்ணு பவுனாத்தாவுக்கு, இது அவருக்கு என்றாள். ஆம்பளைக்கு வேட்டிதானே வைப்பாக என்று நான் கேட்டுவிட்டேன். வேட்டி கட்டுனவுகளத்தான் பாத்தாச்சே, ஒருத்தரு கூடப்பொறந்தவன வெரட்டுனாரு, ஒருத்தரு மீசை ஒட்டுனாரு, ஒருத்தரு நாப்பது வருசம் வாயத் தொறக்கல, இந்த மனுசன் ஒருத்தருதான் சேலை கட்டிப் பொஞ்சாதி பிள்ளைக்குச் சோறு போட்டிருக்காரு, பேசாம எலையப் போடுங்க என்றாள். நான் இலையைப் போட்டேன். இரண்டு சேலைக்கும் மஞ்சள் தடவி அவள்தான் வைத்தாள், நான் விழுந்து கும்பிட்டேன். ஜெபஷீலா அந்தப் போட்டோவுக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பியிருந்தாள், அதைத்தான் நடுவில் வைத்திருந்தோம்.

வைத்துக் கும்பிட்ட சேலையை வீட்டுப் பெண்கள் கட்ட வேண்டும். பவுனுடையதை உன் அம்மா கட்டிக்கொண்டாள். சிவப்புச் சேலை உனக்கு, இந்தக் கடிதத்தோடும் போட்டோ நகலோடும் பார்சலில் வருகிறது. ஆனால் அதைக் கட்டுவதற்கு முன்னால் சுரேஷ்கண்ணனிடம் இது யாருடைய சேலை என்பதைச் சொல்லிவிடு, மறந்துவிடாதே. அவர் வீட்டாரிடம் நான் சொன்ன பொய்யை நானே போய்ச் சொல்லித் தீர்க்கிறேன், அது என் பாடு, அதில் நீ தலையிட வேண்டாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காப்பி குடித்துவிட்டுப் போடாதே என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். நீங்கள் இருவரும் குறையில்லாமல், யாருக்கும் பயந்து எதையும் மறைக்கத் தேவையில்லாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உனக்கு என்றும் நல்லதையே நினைக்கும் அப்பா,
கருத்தக்கண்ணன்